வாசகர் கேள்வி பதில்: 1964க்கு முந்தின வின்செஸ்டர் மாடல் 70 நிஜமாவே அவ்வளவு உசத்தியா?

போன இதழ்ல பென்சில்வேனியா மான் சீசன் பத்தி எழுதினேன், அதுல என்கிட்ட இருக்கற பழைய வின்செஸ்டர் மாடல் 70 பத்தி ரெண்டு வரிதான் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அந்த ரெண்டு வரியைப் பத்தியே இருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க அந்த ஒரு ரைஃபிள்தான்.

கேள்வி: அண்ணா, ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு அமெரிக்கப் பெரியவர் ரிட்டயர் ஆகறார், அவரோட .270 (தோட்டா வகை) மாடல் 70ஐ எனக்குத் தரேங்கறார். ஆனா "இது ப்ரீ சிக்ஸ்டி ஃபோர்"னு சொல்லி புது ரைஃபிளை விட ஜாஸ்தி கேக்கறார். 1964ல அப்படி என்னதான் நடந்துச்சு? (டல்லாஸ் வாசகர்)

தம்பி, நடந்ததுக்குக் காரணம் செலவுதான். இந்த ரைஃபிள் கனெக்டிகட்ல நியூ ஹேவன் ஊர் ஃபேக்டரியில 1936ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி 1925ல வந்த மாடல் 54ல இருந்த குறையை எல்லாம் சரி பண்ணி செஞ்சாங்க, அடிப்படை என்னவோ ஜெர்மன்காரன் மவுசர் 98தான். ஸ்டீலை ஃபோர்ஜ் பண்ணி, அந்தக் கட்டியை மில்லிங் மெஷின்ல ஏத்தி ஒரு பக்கம் கட் பண்ணுவாங்க, கழட்டுவாங்க, அடுத்த ஃபிக்ஸ்சர்ல மாட்டுவாங்க, மறுபடி ஒரு கட், மறுபடி கழட்டு, கடைசியில ஆள் உக்காந்து கையால ஃபிட் பண்ணணும். நான் கோயம்புத்தூர்ல டூல் ரூம்ல எட்டு வருஷம் நின்னவன், ஒவ்வொரு தடவை ஜாப்பைக் கழட்டி மாட்டும்போதும் எவ்வளவு நேரம் போகும், எவ்வளவு கூலி ஏறும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இன்னொரு பக்கம் ரெமிங்டன் 1948ல 721, 722னு ரெண்டு மாடல் விட்டான். உருட்டுக் கம்பியில இருந்து லேத்ல திருப்பின ரிசீவர் (பேரல் மாட்டற நடு உடம்பு), செய்யறது சுலபம், விலை கம்மி, ஆனா குறி நல்லா விழும். 1962ல அதையே அழகு பண்ணி மாடல் 700ன்னு விட்டான், சந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டான். வின்செஸ்டர்காரனுக்கு வேற வழி இல்லாமப் போச்சு. 1964ல டிசைனை மாத்திட்டான். போல்ட் (தோட்டாவைத் தள்ளி பின்பக்கத்தை மூடற உருளை) பக்கத்துல நீளமா இருந்த கொக்கி போச்சு, அதுக்குப் பதிலா போல்ட் முனையில ஒரு குட்டி எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைக் கவ்வி வெளிய இழுக்கறது) வந்துச்சு. ஸ்டாக்ல (மரக் கட்டையில) கையால வெட்டின செக்கரிங் (பிடி வழுக்காம இருக்கப் போடற கட்டக் கோடு) போயி, மெஷின்ல அமுக்கி எடுத்த டிசைன் வந்துச்சு. பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல பென்சிலே போற மாதிரி இடைவெளி. பழைய ரைஃபிளை பாத்துப் பழகினவங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும், அதுல தப்பே இல்ல. "ப்ரீ 64"ங்கற பேர் அன்னைக்குப் பொறந்ததுதான், இன்னைக்கு வரைக்கும் விலையை அதுதான் ஏத்துது.

ஆனா பெரியவர் சொல்ற அந்த 'ப்ரீ 64'ங்கறதே ஒரே சரக்கு இல்ல. 1936ல இருந்து 1963 வரைக்கும் அஞ்சு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, நடுவுல ஒரு உலகப்போர். போருக்கு முன்னாடி வந்ததைக் கையில எடுத்தீங்கன்னா மெட்டல் பாலிஷும் போல்ட் ஓடற விதமும் ஒரு தினுசு, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி. ஆனா அதுல ரிசீவரோட பின்பக்கம் ஸ்கோப் மவுண்டுக்குத் துளை கிடையாது, பின்னாடி யாராவது துளை போட்டிருப்பாங்க, அந்தத் துளை நேரா இருக்கான்னு பாக்கணும், பழைய துப்பாக்கி சேகரிக்கறவங்க கண்ல அது விலையையும் குறைக்கும். போர் முடிஞ்சு 1950கள் ஆரம்பம் வரைக்கும் வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச காலம். 1950கள் கடைசி, 60களோட ஆரம்பத்துல மெஷின்கள் தேஞ்சு போச்சு, மேலிடத்துல இருந்து செலவைக் குறைன்னு நெருக்கடி, செக்கரிங்கும் ஃபினிஷிங்கும் சுமாராப் போச்சு. அதனால 1962ல செஞ்ச ஒண்ணை "ப்ரீ 64"னு ஒரே வார்த்தையில, 1938ல செஞ்சதோட விலைக்கு யாராவது வித்தா ஒத்துக்காதீங்க.

வாங்கலாமான்னு கேட்டீங்க. பேரல் வாயில டார்ச் அடிச்சுப் பாருங்க, ரைஃபிளிங் கோடு முனை வரைக்கும் கூர்மையா இருக்கணும், வாயோட விளிம்புல (கிரவுன்னு சொல்லுவாங்க) ஒரு சின்ன வெட்டு கூட இருக்கக் கூடாது. .270ங்கறது வேகமான தோட்டா, 130 கிரெய்ன் புல்லட்டு வினாடிக்கு 3000 அடிக்கு மேல போகுது, அதனால நிறைய சுட்ட பேரல்ல சேம்பருக்கு (தோட்டா உக்கார்ற இடத்துக்கு) முன்னாடி இருக்கற தொண்டைப் பகுதி அரிச்சுப் போயிருக்கும். பக்கத்துல இருக்கற கன்ஸ்மித்கிட்ட காசு குடுத்து போர்ஸ்கோப் (பேரலுக்கு உள்ள பாக்கற கருவி) போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, வருஷம் அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: சார், எங்கிட்ட இருக்கறது 1970கள்ல வந்த புஷ் ஃபீட் (நீளக் கொக்கி இல்லாத) மாடல் 70, .30-06. கூட வேட்டைக்கு வர்றவங்க "ஓ, இது போஸ்ட் 64ஆ"ன்னு ஒரு மாதிரி பாக்கறாங்க. வித்துட்டு பழசு வாங்கட்டுமா? (பிட்ஸ்பர்க் வாசகர்)

வேண்டாம்ங்க. இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த இதழையே எழுதறேன்.

நான் மேல சொன்ன அந்த அசிங்கமான இடைவெளி இருக்கே, பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல, அது என்ன வேலை செய்யுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ஞ்சா சுருங்கும், அது பேரலைத் தொட்டுட்டு இருந்தா காலையில ஒரு இடத்துல விழற குண்டு மழை பெஞ்சு விட்ட சாயங்காலம் வேற இடத்துல விழும். பேரலை மரம் தொடாம சும்மா விட்டா அந்தத் தொல்லை இல்ல. பழைய ஸ்டாண்டர்டு மாடல் 70ல முன்கட்டையில ஒரு ஸ்க்ரூ பேரலைப் பிடிச்சு இழுத்துட்டு இருக்கும், புதுசுல அது இல்ல. அது போக 1964க்கு அப்புறம் வந்த பேரல்களை உள்ள ஒரு மேண்ட்ரல் (கம்பி அச்சு) வெச்சு வெளிய சுத்தியல் மெஷின்ல அடிச்சு செஞ்சாங்க, அந்த முறையில வர்ற பேரல் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஒத்துப்போகும். ட்ரிக்கரும் மூணு நிலை சேஃப்டியும் பழைய ரைஃபிள்ல இருந்த அதேதான், அதுல கை வைக்கல. போல்ட் முனை தோட்டாவோட அடிப்பாகத்தை முழுசா சுத்தி மூடறதால, எப்பவாச்சும் தோட்டா கிழிஞ்சா சூடான வாயு முகத்துக்கு வராம இருக்கறதுக்கும் அது பழசை விட மேல்.

அதனால குறி விஷயத்துல மட்டும் பாத்தா, போஸ்ட் 64 பழசுக்கு எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல, பல தடவை மேலயே இருக்கு. என் பழைய 1951 ரைஃபிளும் என் நண்பரோட 1974 ரைஃபிளும் ஒரே நாள், ஒரே பெஞ்சு, ஒரே பெட்டித் தோட்டா, 100 கஜத்துல அஞ்சு அஞ்சா சுட்டோம், அவரோடது ஒண்ணேகால் அங்குலத்துக்குள்ள நின்னுச்சு, என்னோடது ஒண்ணே முக்கால். எனக்கு அன்னைக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா பேப்பர்ல இருக்கற ஓட்டையை இல்லன்னு சொல்ல முடியாது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, 1964ல இருந்து 67 வரைக்கும் வந்ததுல போல்டைப் பின்னாடி இழுத்தா லொடலொடன்னு ஆடும். 1968ல போல்ட் லக்ல (போல்டைப் பூட்டற காதுல) ஒரு பள்ளம் போட்டு, ரிசீவர்ல ஒரு தண்டவாளம் மாதிரி விட்டு அதை சரி பண்ணினாங்க. உங்களோடது அதுக்கு அப்புறம் வந்தது, கவலையே இல்ல. 72ல இருந்து செக்கரிங்கும் அமுக்கறதை விட்டு வெட்டறதுக்குத் திரும்பிட்டாங்க. கேலி பண்றவங்களை ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கன்ட்ரோல்டு ஃபீட், புஷ் ஃபீட்னு சொல்றாங்களே, துப்பாக்கியே தொட்டுப் பாக்காத எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. (மதுரை வாசகர்)

தோட்டாவோட அடிப்பாகத்துல ஒரு விளிம்பு இருக்கும், அதுக்கு மேல ஒரு பள்ளம் ஓடும், பம்பரத்துல சாட்டை சுத்தற கோடு மாதிரின்னு வெச்சுக்கங்க. பழைய ரைஃபிள்ல, அதாவது கன்ட்ரோல்டு ஃபீட்ல, போல்டைத் தள்ளும்போது மேகசின்ல இருந்து தோட்டா மேல எழும்பி வரும் பாருங்க, அப்பவே அந்த விளிம்பு நீளக் கொக்கிக்கு அடியில போயி சொருகிக்கும். அதுக்கு அப்புறம் தோட்டா போல்டோட பிடியிலதான் இருக்கும், ரைஃபிளைத் தலைகீழாப் பிடிச்சாலும் கீழ விழாது. பாதியில மனசு மாறி பின்னாடி இழுத்தா தோட்டாவும் கூடவே வந்துடும்.

புஷ் ஃபீட்ல போல்ட் தோட்டாவை முதுகுல கை வெச்சுத் தள்ளுது, அவ்வளவுதான். போல்டை முழுசா மூடினாத்தான் குட்டி எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கவ்வும். பதட்டத்துல ஒருத்தர் முக்கால்வாசி தள்ளிட்டு, மூடாம, பின்னாடி இழுத்து மறுபடி தள்ளினாருன்னா, முதல் தோட்டா சேம்பர்லயே கிடக்கும், ரெண்டாவது தோட்டா அதோட பின்பக்கத்துல போயி முட்டும். மானுக்கு முன்னாடி இது நடந்தா மான் ஓடிடும், போகட்டும். காயம்பட்ட எருமையோ கரடியோ எதிர்ல வரும்போது நடந்தா உயிர் போகும். ஆப்பிரிக்காவுல பெரிய மிருகத்துக்கு .375 தூக்கற வேட்டைக்காரங்க கொக்கி வேணும் கொக்கி வேணும்னு அடம் பிடிக்கறது இதுக்குத்தான், அந்தப் பிடிவாதம் நியாயமானது. குறிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் பாதிப் பேர் தப்பான ரைஃபிளுக்கு ஜாஸ்தி காசு குடுக்கறாங்க.

கேள்வி: கொக்கி இருந்தா ப்ரீ 64ன்னு முடிவு பண்ணிடலாமா? (நியூ ஜெர்சி வாசகர்)

கூடாது, இதுல நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. 1990ல சூப்பர் கிரேடு வகையிலயும், அதுக்கு அடுத்த வருஷங்கள்ல 'கிளாசிக்'ங்கற பேர்லயும் கொக்கியைத் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. நம்பரைப் பாருங்க. பழசு 581471ஓட முடியுது, 1964 மாடல் 700000ல இருந்து ஆரம்பிக்குது, 1968ல புது துப்பாக்கிச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் நம்பருக்கு முன்னாடி ஜி எழுத்து சேர்ந்துச்சு. ஜி இருந்தா அது ப்ரீ 64 இல்ல, யாரு என்ன சத்தியம் பண்ணினாலும்.

கேள்வி: 90கள்ல வந்த கிளாசிக், இப்ப போர்ச்சுகல்ல இருந்து வர்றது, இதுல எது தேவலை? கடைக்காரர் ரெண்டையும் காட்டறார். (அட்லாண்டா வாசகர்)

நியூ ஹேவன் ஃபேக்டரி கதை கொஞ்சம் சோகமானது. பெரிய ஸ்ட்ரைக் ஒண்ணு வந்துச்சு, அதுக்கு அப்புறம் 1981ல, வின்செஸ்டரோட முதலாளியா இருந்த ஆலின் கம்பெனி ஃபேக்டரியை வித்துட்டு வெளிய போச்சு, யு.எஸ். ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ்னு புதுக் கம்பெனி எடுத்துச்சு, அது 1986ல திவால், அப்புறம் பெல்ஜியம்காரன் எஃப்என் கை வெச்சான். இவ்வளவு கைமாறினா வேலைப்பாடு ஒரே சீரா இருக்குமா? கிளாசிக் டிசைன் அருமை, பழைய கொக்கியும் இருக்கு, நவீன பேரலும் இருக்கு, ஆனா செஞ்ச வேலை ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம். நான் கையில எடுத்துப் பாத்ததுல சிலது அற்புதம், ஒண்ணு ரெண்டுல மேகசின்ல இருந்து தோட்டா ஏறும்போது மூக்கு முட்டும், போல்ட் ஓடற தடம் கரகரன்னு இருக்கும். அதனால கிளாசிக் வாங்கறவங்க கடையிலயே, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, டம்மி தோட்டா அஞ்சு போட்டு மெதுவாவும் வேகமாவும் ஏத்தி இறக்கிப் பாக்கணும். 2006 மார்ச் கடைசியில நியூ ஹேவனை மூடிட்டாங்க. மாடல் 70யை எழுபது வருஷம் செஞ்ச ஊரு.

2008ல சவுத் கரோலினாவுல கொலம்பியாங்கற ஊர்ல எஃப்என் மறுபடி ஆரம்பிச்சாங்க. மிலிட்டரிக்கு துப்பாக்கி செய்யற ஃபேக்டரி அது, சிஎன்சி மெஷின், அளவு சுத்தம். கொக்கி உண்டு, ட்ரிக்கர் மட்டும் புது டிசைன், மூடின பெட்டிக்குள்ள இருக்கும், அமுக்கினா கண்ணாடி உடையற மாதிரி பட்டுன்னு விடும். பழைய ட்ரிக்கர் திறந்த டிசைன், தூசி விழுந்தாலும் ஊதிட்டா போச்சு, கொட்டற பனியில போறவங்க இன்னும் அதைத்தான் கேப்பாங்க, நானும் அந்தக் கட்சிதான். அதுக்கு அப்புறம் 2013 வாக்குல அசெம்பிளி போர்ச்சுகலுக்குப் போச்சு. "மேட் இன் நியூ ஹேவன்"னு இல்லன்னு முகம் சுளிக்கறவங்க இருக்காங்க, ஆனா பெட்டியில இருந்து எடுத்ததும் நல்லா சுடற மாடல் 70 எதுன்னு என்னைக் கேட்டா சவுத் கரோலினாவும் போர்ச்சுகலும்தான்னு சொல்லுவேன். ஒரே ரைஃபிள், வேட்டைக்கு மட்டும், கலெக்‌ஷன் ஆசை இல்லன்னா போர்ச்சுகலை எடுத்துட்டு மிச்சக் காசுக்கு நல்ல ஸ்கோப் வாங்கிடுங்க.

கேள்வி: அண்ணா, போன வருஷம் ஆசை ஆசையா ஒரு 1953 மாடல் 70 வாங்கினேன். 100 கஜத்துல மூணு அங்குலத்துக்கு சிதறுது. ஏமாந்துட்டேனா? (மினியாபொலிஸ் வாசகர்)

இன்னும் முடிவு பண்ணாதீங்க, எனக்கு இதே தலைவலி வந்திருக்கு. என் 1951 ரைஃபிளை வித்த கடையில "பேரல் போயிடுச்சு போல, மாத்திக்கங்க"ன்னு சொல்லிட்டாங்க. பேரலை மாத்தியிருந்தா ரைஃபிளோட மதிப்பே போயிருக்கும். வீட்ல டேபிள் மேல வெச்சுப் பாத்தா, முன்கட்டை ஸ்க்ரூவை யாரோ மரம் நெரியற அளவுக்கு முறுக்கி வெச்சிருக்காங்க. அதைக் கொஞ்சம் கொஞ்சமா, கால் சுத்து, கால் சுத்தா லூஸ் பண்ணி, ஒவ்வொரு தடவையும் அஞ்சு ரவுண்டு சுட்டேன், பேரல் ஆற விட்டு விட்டு. ஒரு சனிக்கிழமை முழுக்க போச்சு. மூணு அங்குலம் ரெண்டேகால் ஆச்சு, அப்புறம் ஒண்ணே முக்கால்ல வந்து நின்னுச்சு.

நீங்களும் அங்க இருந்து ஆரம்பிங்க. ரிசீவர் அடியில இருக்கற ஸ்க்ரூக்களை டைட்டா வெச்சுக்கங்க, முன்கட்டை ஸ்க்ரூவை மட்டும் லேசா. அப்புறம் பேரல்ல படிஞ்ச செம்பை எடுங்க, அறுபது எழுபது வருஷமா யாரும் செம்புக்கு கிளீனர் போட்டிருக்க மாட்டாங்க, துணியை விட்டா பச்சை நீலமா வரும், அது வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. அதுக்கு மேலயும் சிதறினா ஸ்கோப்பை வேற ஒண்ணு மாட்டிப் பாருங்க, கடைசியில ரிசீவர் உக்கார்ற மரத்துல எபாக்ஸி பெட்டிங் (ரிசீவர் ஆடாம உக்கார பசை வார்க்கறது) போடறதைப் பத்தி யோசிங்க. மூணு ரவுண்டு சுட்டுட்டு முடிவுக்கு வராதீங்க, மூணு குண்டு அதிர்ஷ்டத்துல கிட்ட விழும், துரதிர்ஷ்டத்துல தள்ளி விழும், அஞ்சஞ்சா நாலு தடவையாவது சுடணும்.

பெரிய பெரிய ஆளுங்க பேரைச் சொல்லி இந்த ரைஃபிள் இப்படித்தான் சுடும்னு எதிர்பாக்கறதும் தப்பு. வியட்நாம்ல மரைன் ஸ்னைப்பர் கார்லோஸ் ஹாத்காக் .30-06 மாடல் 70 வெச்சிருந்தாரு, நிஜம், ஆனா அது மரைன் ஆர்மரர்கள் (படையோட துப்பாக்கி மெக்கானிக்குகள்) கனமான பேரல் போட்டு கையால பெட்டிங் பண்ணின ரைஃபிள். .270ஐ நாடெல்லாம் கொண்டு போன வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் ஆசையா வெச்சிருந்த மாடல் 70க்கு ஸ்பொகேன் ஊர் அல் பீசன் தனியா ஸ்டாக் செஞ்சு குடுத்தாரு. கடையில இருந்து வந்தபடியே யாரும் அதை எடுத்துட்டுப் போகல. மானோட நெஞ்சுல குண்டு விழ வேண்டிய இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம், உங்க மூணு அங்குல ரைஃபிளே 150 கஜத்துக்கு தாராளமாப் போதும், இந்த சீசனை விட்டுடாதீங்க.

கேள்வி: நான் எச்1பி விசால இருக்கேன். ரைஃபிள் வாங்க முடியுமா? (சியாட்டில் வாசகர்)

பொதுவா எச்1பி மாதிரி குடியேற்றம் இல்லாத விசாக்காரங்க துப்பாக்கி வெச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம். ஆனா அதுல விதிவிலக்கு உண்டு, அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா வாங்கலாம். முதல்ல ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ், அப்புறம் லைசென்ஸ், அதுக்கு அப்புறம்தான் கடை. அங்க துப்பாக்கி வாங்க நிரப்பற 4473 ஃபார்ம்ல விசா பத்தி கேக்கற இடத்துல உண்மையை எழுதுங்க, லைசென்ஸ் காப்பி குடுங்க. லைசென்ஸ் முடியற தேதியைக் காலண்டர்ல போட்டு வெச்சுக்கங்க, அது காலாவதி ஆன அடுத்த நாள் ரைஃபிள் உங்க வீட்ல இருந்தாலே சிக்கல். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் மாநிலச் சட்டத்தைக் கேட்டுக்கங்க, கிரீன் கார்டு வரிசையில நிக்கறவங்க இதுல அஜாக்கிரதையா இருக்கவே கூடாது.

கேள்வி: இந்த ரைஃபிளை ஊருக்குக் கொண்டு வந்து நம்ம காட்டுல மான் வேட்டைக்குப் போக முடியுமா? (கோவை வாசகர்)

முடியாதுங்க, போகவும் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுல மான் வேட்டை குற்றம், ஜெயில் உண்டு. துப்பாக்கி வெச்சிருக்கறதுக்கே 1959 ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் வேணும். பென்சில்வேனியாவுல மான் எண்ணிக்கையைக் கணக்குப் பண்ணி, இத்தனை சுடலாம்னு கேம் கமிஷன் அனுமதி குடுக்குது, அங்க மான் பெருகிப் போயி கார்ல அடிபடுது, தோட்டத்தை மேயுது. நம்ம காட்டு நிலைமை அது இல்ல. சிறுவாணிப் பக்கம் போனா பைனாகுலரோட போங்க, புள்ளிமான் கூட்டம் விடிகாலையில தண்ணிக்கு வர்ற நேரம் ஆறு மணிக்கு முன்னாடியே போயி உக்காந்துடுங்க.